தேவேந்திரன் நெசவு

என் வீட்டுக்காரரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு எங்கள் தெருவைச் சும்மா தாண்டிப் போனவர் யாரும் கிடையாது. நான் விடமாட்டேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அந்த வார்த்தையை விட்டார்கள். மீதிப் பேரை விடவைத்தவர் அவரேதான். அந்தக் கதையைச் சொல்கிறேன். இதில் பெருமை கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். என் புருஷனைப் பற்றி நான் பெருமைப்படாமல் பக்கத்து வீட்டுக்காரியா பெருமைப்படுவாள்?

அவர் பெயர் தேவேந்திரன். என் பெயர் இந்திராணி. பொருத்தம் பார்த்தவருக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் ஒன்றே போதும் போலிருக்கிறது, வேறு எதையும் பார்க்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி இல்லாத வீடே இல்லாத தெரு எங்களுடையது. அதில் கோர்வைப் புடவை என்றால் இவர்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே பூட்டி நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். அதை ஒரு ஆள் நெய்ய முடியாது. அவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, வலது பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவது நான். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அவருக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஆள் இருக்காது, குரல் மட்டும் வரும். "தேவேந்திரன், தேவேந்திரன்" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடும். திரும்பிப் பார்த்தால் திட்டும். உனக்கு நெய்யத் தெரியாது என்னும், நீ தொட்டதெல்லாம் விளங்காது என்னும். ஒரு தடவை அந்தக் குரல்களின் பேச்சைக் கேட்டு வீட்டை விட்டே போய்விட்டார். தேடிக் கண்டுபிடித்தபோது பல மைல் தள்ளி மாகறல் கோயில் மதிலோரம் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் அதற்கு ஸ்கீசோஃப்ரினியா என்றார். தமிழில் மனச்சிதைவு என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார். எனக்கு அந்தத் தமிழ்ப் பெயர் பிடிக்கவே இல்லை. சிதைவதற்கு அவர் மனசு என்ன பாழடைந்த மண்டபமா? இங்கிலீஷ் பெயரையே சொல்லிப் பழகினேன். அது என் வாயில் நுழைய ஒரு வாரம் பிடித்தது.

மாத்திரை போட்டால் குரல்கள் தணியும். அறவே போகாது. "நாலு ஊடு தள்ளி ரேடியோ பாடற மாதிரி ஆயிடும் இந்திரா. இருந்துட்டுப் போவட்டும்" என்பார். ஆனால் மாத்திரையை ஒரு வேளை விட்டால் அடுத்த வேளையும் விடச் சொல்லி அந்தக் குரல்களே யோசனை கொடுக்கும். அதுதான் எங்களுக்கு இருந்த பெரிய வில்லங்கம். இன்னொன்று, தெருவில் நடந்து போகும்போது குரல் ஏதாவது கேட்டால் இவர் பதில் சொல்லிவிடுவார். பிள்ளைகள் பின்னாலேயே வரும்.

இந்த இரண்டுக்கும் வழி சொன்னவர் மானஸா மேடம். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். மனநலம் படித்துவிட்டு மெட்ராஸில் ஒரு தொண்டு அமைப்பில் வேலையில் இருந்தார். எங்கள் ஊரில் நடக்கும் முகாமுக்கு மாதாமாதம் வருவார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஒரு முகாமில் என் வீட்டுக்காரர் கையில் ஒரு பழைய செல்போனைக் கொடுத்தார். அரை சோப்புக் கட்டி கனம் இருந்தது. மேடத்தின் தம்பி அச்சுத் கம்ப்யூட்டர் படித்தவர், அந்தப் போனுக்குள் ஒரு ப்ரோக்ராம் எழுதிப் போட்டிருந்தார். இன்றைக்கு ஆப் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. மாத்திரை மணி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

காலையும் ராத்திரியும் மணி அடிக்கும். மாத்திரை போட்டாயா என்று கேட்கும். போட்டால் ஒன்றை அமுக்க வேண்டும். அப்புறம் இன்றைக்குக் குரல்கள் எப்படி என்று கேட்கும். பரவாயில்லை என்றால் ஒன்று, தொல்லை என்றால் இரண்டு. மூன்று தடவை அடித்தும் எதையும் அமுக்காவிட்டால் மானஸா மேடத்தின் போனுக்கு மெசேஜ் போய்விடும். அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது, இவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் கேள்விகளைக் குரலிலேயே பதிந்து வைக்கலாம் என்றார்கள். முதலில் மேடமே பேசிப் பதிந்தார்.

இவர் கேட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். பெரிய மனுஷங்க மெதுவாப் பேசற மாதிரி இருக்குது. எனக்கு உள்ளார கேக்கறதுல ஒண்ணு அப்படித்தான் பேசும். கொழம்பிடுவேன்."

"அப்போ யார் குரல் வேணும்?"

"இவ குரல் போடுங்க" என்று என்னைக் காட்டினார். "திட்டற மாதிரியே இருக்கும். நிஜம்னு ஒடனே தெரிஞ்சிடும்."

மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் பதிந்த பேச்சு நிஜமாகவே திட்டுகிற மாதிரிதான் அமைந்தது.

போகும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார். "ரோட்ல போறப்போ குரலுக்குப் பதில் சொல்லியே ஆகணும்னு தோணித்துன்னா, இதைக் காதுல வெச்சுண்டு சொல்லுங்க. யாரும் ஒங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா."

யாரும் பார்க்கவில்லை! அந்த வருஷம் ஊரே கையில் போனை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவர்களில் இவரும் ஒருவர் ஆனார். சொல்லப்போனால் மற்றவர்களைவிட மரியாதையாகப் பேசுவார், "அப்புறம் பேசறேன், இப்ப வேல இருக்குது" என்று குரல்களை வைத்துவிடுவார். பிள்ளைகள் பின்னால் வருவதை விட்டார்கள். பைத்தியம் என்பது போய்ப் போன்காரன் என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. மாமியார் அவரை நைனா என்பார். நான் ஏங்க என்பேன். தெரு போன்காரன் என்றது. தேவேந்திரன் என்று முழுசாகக் கூப்பிட்டது அந்தக் குரல்கள் மட்டும்தான். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இதற்கிடையில் எங்கள் முறை வந்தது.

எங்கள் தெரு முருகன் கோயிலில் கந்த சஷ்டி முடிந்த மறுநாள் திருக்கல்யாணம். வள்ளிக்கும் தெய்வானைக்கும் கல்யாணப் புடவையைத் தெருவில் ஒரு வீடு நெய்து கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை சுற்றி வரும். தாலி கட்டி முடிந்ததும் கோயில் பெரியவர் மைக்கைப் பிடித்து, இந்தப் புடவை இன்னார் நெசவு என்று நெய்தவர் பெயரைச் சொல்லுவார். பெயர் சொன்னதும் நெய்தவர் முன்னால் போய்ப் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் பிறந்த நெசவாளிக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஒன்று கிடையாது. அந்த மைக்கில் அந்தப் பெயர் வரவேண்டும், அதைத் தெருவே கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கோயில் பெரியவர் கைலாசம். எனக்கு மாமா முறை, இவருக்குப் பெரியப்பா முறை. கெட்டவர் இல்லை. சாமிக்கு ஒரு குறை வந்துவிடக்கூடாது என்று எப்போதும் பதறுகிறவர். பதறுகிறவர்களால்தான் எனக்கு எப்போதும் தொல்லை.

கோயிலில் கூட்டம் போட்டபோது அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். "பாவு நூலு உங்க ஊட்டுத் தறியிலயே ஏறட்டும்மா. நெசவ மட்டும் பழனி நெய்யட்டும். பேரும் பழனி பேரே இருக்கட்டும். சாமி காரியம் பாரு, நடுவுல ஒண்ணு ஆயிட்டா?"

"இன்னா ஆயிடும் மாமா?"

"அத வேற என் வாயால சொல்லணுமா?"

"சொல்லுங்க. நானும் கேட்டுக்கினு போறேன்."

நான் விடுவதாக இல்லை. நல்லவேளையாக, சுவரோரம் உட்கார்ந்திருந்த பழனியே வாயைத் திறந்தார். பழனி எங்கள் எதிர்வீட்டு நெசவாளி. "என்ன வுட்டுடுங்கப்பா. அவன் கோர்வைக்கு முன்னாடி என் கோர்வை நிக்காது. முறை அவனுது. நான் நெய்ஞ்சி பேர் வாங்கிக்கினா காலையில எழுந்து அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

கைலாசம் மாமா வழிக்கு வந்தார். "சரி, அவனே நெய்யட்டும். ஆனா நான் வந்து வந்து பாத்துக்கினே இருப்பேன். ஒரு கோளாறு என் கண்ணுல பட்டுது, பாவ எறக்கி எடுத்துக்கினு பழனி தறிக்குப் போயிடுவேன். அப்ப நீ கத்தக்கூடாது."

கத்தமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இவர் நூலை முறுக்கிக்கொண்டே கேட்டார். "உனக்கு வாயி ஜாஸ்தி" என்றார். முறுக்கிய நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்கினார்.

நல்ல நாள் பார்த்துக் காப்புக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தோம். வள்ளிக்குப் பச்சை உடல், அரக்குக் கரை. தெய்வானைக்கு அரக்கு உடல், பச்சைக் கரை. இரண்டு பெண்டாட்டிக்கும் சண்டை வராதபடி முன்னோர்கள் எப்போதோ யோசித்து வைத்தது. இவர் மிதியை மிதித்து நாடாவை விட்டால் நான் என் பக்கத்து நாடாவைத் தள்ளுவேன். கரையும் உடலும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் தட்டக்கூடாது. இவர் நெய்ததில் தட்டாது. தறியில் உட்கார்ந்துவிட்டால் குரல்கள் வெளியிலேயே நின்றுகொள்ளும் என்பார்.

வள்ளிப் புடவை பாதி ஏறியிருந்தபோது சரஸ்வதி பூஜை வந்தது.

அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாடா, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் கழுவிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். ஒருமுறை பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை செய்யும்வரை யாரும் தொடக்கூடாது. என் மாமியார் பெரியநாயகி இந்த விஷயத்தில் நெருப்பு. சின்ன வயசில் பூஜைக்கு வைத்த புத்தகத்தை இவர் எடுத்து விளையாடியதற்கு வாங்கிய அடியை இன்னும் சொல்லுவார்.

அந்த மாமியார் அன்று காலையில் செய்த காரியத்தைக் கேளுங்கள். அலமாரியிலிருந்து போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மாத்திரை டப்பாவையும் எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இன்னா அத்தை, போனுக்கும் பூஜையா?" என்றேன்.

"நாடா ஓடுனா தறி ஓடுது. இது ரெண்டும் ஓடுனாத்தான் என் புள்ள ஓடறான். அப்ப இதுவும் கருவிதானே?"

இந்தப் போனை வந்த புதிதில் சனியன் என்று சொன்னவர் அவர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மூன்று பேரும் கும்பிட்டு எழுந்தோம். ராத்திரி மாத்திரையை எங்கேயிருந்து எடுப்பது என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விளக்கு வைத்த பிறகு கைலாசம் மாமா வந்தார். பூஜையன்று வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுச் சுண்டல் சாப்பிடுவது பெரியவர்கள் வழக்கம். உட்கார்ந்து சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு தறியில் ஏறியிருந்த புடவையைத் தூரத்திலிருந்தே கண்ணால் அளந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். அப்போது மணி அடித்தது. அதைத் தொடர்ந்து சரஸ்வதி படத்துக்குக் கீழேயிருந்து என் குரல் வந்தது.

"ஏங்க, மாத்திரை போட்டுக்கினீங்களா? போட்டா ஒண்ண அமுக்குங்க. போடலன்னா எழுந்து போங்க, ஒக்காந்துக்கினு இருக்காதீங்க!"

மாமா என் முகத்தைப் பார்த்தார். என் வாய் மூடியிருந்தது. படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாயில் போட்ட சுண்டல் அப்படியே நின்றுவிட்டது. ஆள் பேசாமல் குரல் மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

இவர் மெதுவாகச் சொன்னார். "பயப்படாதீங்க பெரியப்பா. இது நிஜக் குரல்தான். போன்ல புடிச்சி வெச்சது." சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவுக்குக் கையை நீட்டினார்.

"கை வெக்காத நைனா!" என்று மாமியார் அலறினார். "நாளைக்குதான் எடுக்கணும்."

சுண்டலை விழுங்கியதும் மாமாவும் சேர்ந்துகொண்டார். "ஆமாம்பா, பூஜையில வெச்சத நடுவுல எடுத்தா தெய்வக் குத்தம். தறியில வேற சாமி துணி இருக்குது. ஒரு வேள மாத்திரதானே? காலையில போட்டுக்கயேன்."

ஒரு வேளைதானே! மாகறல் மதிலுக்குப் போன வழி அந்த ஒரு வேளையில்தான் ஆரம்பித்தது. அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். உதடு முணுமுணுத்தது. அம்மாவும் பெரியப்பாவும் சொன்னதையே உள்ளே இருந்த குரல்களும் சொல்லியிருக்கின்றன. தொடாதே, நீ தொட்டால் விளங்காது, சாமி துணி நாசமாகும் என்று. இதைப் பிறகு என்னிடம் சொன்னார். வெளியிலும் உள்ளேயும் எல்லோரும் ஒரே பக்கம், இவர் மட்டும் தனி.

மணி இரண்டாவது தடவை அடித்தது. என் குரல் மறுபடி திட்டியது. நானே பாய்ந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். கால்கூட நகர்ந்துவிட்டது. ஆனால் நான் எடுத்துக் கொடுத்தால், பெண்டாட்டி ஊட்டினாள் அவன் தின்றான் என்றுதான் மாமா நினைப்பார். அப்படிப்பட்டவன் பெயரை எப்படி மைக்கில் சொல்லுவார்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது.

இவர் சரஸ்வதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி, "அம்மா, தறிக்கு இன்னிக்கு லீவு. எனக்கு வந்திருக்கற வியாதிக்கு லீவு கெடையாது" என்றார்.

சொல்லிவிட்டு டப்பாவை எடுத்தார். என் கையிலிருந்த சொம்பை வாங்கி மாத்திரையை விழுங்கினார். போனை எடுத்துச் சந்தனம் ஒட்டிய பொத்தானை அமுக்கினார். கைலாசம் மாமாவுக்கு நேராக வந்து நின்றார்.

"பெரியப்பா, எனக்கு ஸ்கீசோஃப்ரினியா. ஆளில்லாத கொரல் கேக்கும். இந்த மாத்திர போட்டா நெய்வேன். போடலன்னா தறியில இருக்கற சாமி துணி அப்படியே நின்னு போவும். இதுல எது குத்தம்னு நீங்களே சொல்லுங்க."

வெளி ஆள் ஒருவரிடம் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வாயில் நுழைய ஒரு வாரம் பிடித்த பெயர் அவர் வாயில் தட்டாமல் தடுக்காமல் வந்தது. நான் அழவில்லை. அழுதால் மாமாவுக்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மாமா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. இது மாத்திரை மணி இல்லை, நிஜமான போன். மெசேஜ் போய் மானஸா மேடம் கூப்பிடுகிறார். இவர் எடுத்து, "இல்ல மேடம்... பூஜையில வெச்சிட்டோம்... போட்டுட்டேன் மேடம்" என்று பேசினார். மாமா என் பக்கம் திரும்பிப் பாவமாகத் தலையை ஆட்டினார். எதிர்முனையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். அதை இவர் கவனித்துவிட்டார்.

"நீங்களே பேசுங்க பெரியப்பா" என்று போனை நீட்டினார்.

மாமா அதைச் சூடான வடையை வாங்குகிற மாதிரி வாங்கினார். காதில் வைத்தார். முகம் மாறியது. எழுந்து நின்றுவிட்டார்.

"ஆங்... வணக்கம்மா... போட்டுட்டான்மா, நான் கண்ணால பாத்தேன்... நானா? நான்..." கொஞ்சம் திணறினார். "நான் அவன் பெரியப்பாம்மா. பக்கத்துலதான் இருக்கேன். நீங்க கவலப்படாதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமியாரிடம் சொன்னார். "பெரியநாயகி, நாளைக்கு மறுபூஜையில கர்ப்பூரம் ஒண்ணு சேத்து ஏத்திடு. சரியாப் போவும்." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "பாவு இங்கியே இருக்கட்டும்."

"எறக்கிக்கினு போறதுக்கு ஆள் கூட்டிக்கினு வரலியா மாமா?" என்றேன். எனக்கும் ஒரு ஆறுதல் வேண்டாமா?

"உன் வாய்க்கும் ஒரு மாத்திர கெடைக்குமான்னு அந்தம்மாவக் கேட்டுச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். மாமியார் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

அதற்கப்புறம் எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது ஒரு நாள் குரல்கள் ரொம்பவே படுத்தின. இவர் இரண்டை அமுக்கிவிட்டுத் தறியை விட்டு எழுந்தார். மாடிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கைலாசம் மாமா அந்த நேரம் பார்த்துத்தான் குடையோடு வந்து சேர்ந்தார். ஓடாத தறியைப் பார்த்தார், மேலே கேட்ட பேச்சைக் கேட்டார். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

"யார்கிட்ட பேசறான்? அந்தம்மாகிட்டயா?"

"இல்ல மாமா. அதுங்ககிட்டதான்."

அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "பேசி முடிக்கட்டும். சஷ்டிக்கு இன்னும் நாள் இருக்குது. ஒரு காப்பித் தண்ணி குடு." இவர் இறங்கி வந்து தறியில் உட்காரும்வரை மாமா கிளம்பவில்லை.

சஷ்டிக்கு முன்னாலேயே இரண்டு புடவையும் தறியை விட்டு இறங்கின. பழனி வந்து கோர்வையில் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திருக்கல்யாணத்தன்று தெரு முழுக்கப் பந்தல். வள்ளி பச்சையிலும் தெய்வானை அரக்கிலும் இருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை பளபளத்தது. பெண்கள் எல்லோரும் முருகனை விட்டுவிட்டுப் புடவையைத்தான் பார்த்தார்கள். கெட்டி மேளம் கொட்டித் தாலி கட்டி முடிந்தது. நானும் இவரும் பின்னால் பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தோம். கைலாசம் மாமா மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"இந்த வருஷம் வள்ளி தெய்வானை கல்யாணப் புடவை, தேவேந்திரன் நெசவு. தேவேந்திரன் வரணும்."

வந்துவிட்டது! நான் இவரைப் பார்த்தேன். இவர் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேவேந்திரன்! தேவேந்திரன் வரணும்."

அப்போதும் அசையவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்ட குரல்களுக்குத் திரும்பாமல் இருக்கத்தான் இவர் பழகியிருந்தார். நான் அவர் தோளைத் தொடப் போனேன். இரு என்று கையைக் காட்டினார். இடுப்பு மடிப்பிலிருந்து போனை எடுத்து, ஒரு பொத்தானை அமுக்கி, ஒலிபெருக்கி இருந்த பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

மாமா மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். இவர் போனை இறக்கி இன்னொரு பொத்தானை அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். மேளக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பரிவட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தெருவே காத்திருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"இன்னாங்க பண்றீங்க?" என்றேன் மெதுவாக.

"அதுங்க கொரல் இதுல பதியாது இந்திரா. எத்தினியோ வாட்டி புடிச்சிப் பாத்துட்டேன், வெறும் எரைச்சல்தான் இருக்கும்." போனை என் காதில் வைத்தார். கரகரவென்று கைலாசம் மாமாவின் குரல், தேவேந்திரன் வரணும் என்றது. "இது பதிஞ்சிருக்குது. அப்ப நிஜமாவே கூப்புடறாங்க."

இதை மானஸா மேடம் சொல்லிக் கொடுக்கவில்லை, அச்சுத்தும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்லாமல் அவராகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இந்தப் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டதற்காக எனக்கு அந்த இடத்திலேயே கர்வம் தலைக்கு ஏறியது.

"ஆமாங்க, நிஜமாத்தான். போங்க" என்றேன்.

போனை என் கையில் கொடுத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். முன்னால் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். கைலாசம் மாமா அந்தப் பெயரை நான்காவது தடவையாகச் சொன்னார்.

"வந்துட்டேன் பெரியப்பா!" என்று இவர் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னார்.